சேறில்லாச் சேற்றுப்புண்

பழங்காலத்தார் நோய்க்குப் பெயரிட்டது கண்ணாற் கண்டதைக் கொண்டு. காரணம் பின்னரே அறியப்பட்டது. ஆதலின் அப்பெயர்களை இட்டவர்மேல் குறை கூறல் தகாது. ஆயினும் அவை இன்று எதைக் கற்பிக்கின்றன என்பது ஆராயற்பாலது.

சேற்றுப்புண் என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. நாற்று நடுவாரின் கால்விரல் இடுக்கில் தோல் ஊறி, வெளுத்து, வெடிக்கும். சேறே காரணம் என உழவர் கருதியதில் வியப்பில்லை. ஆனால் சிங்கப்பூரின் பூன் லேயில் வயல் ஏது? ஜூரோங் வட்டாரத் தொழிற்கூடங்களில் கனத்த காலணிக்குள் நாள் முழுதும் வியர்வையில் கால் ஊற உழைப்பவருக்கும் அதே புண் வரக்கூடும். அதனைப் பெரும்பாலும் விளைப்பது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்னும் பூஞ்சை. அது சேற்றில் வாழ்வதன்று. மனிதர் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழ்வது. உதிர்ந்த தோல் துகளோடு குளியலறையின் ஈரத்தரைக்கும் துண்டுக்கும் காலுறைக்கும் சென்று, அங்கிருந்து மற்றொருவர் காலைப் பற்றுகிறது. ஈரம் அதற்குத் துணை. வீடு மனித உடம்பே. 'சேற்றில் இறங்கவில்லையே, எனக்கு ஏன் வந்தது?' என்று ஒருவர் வினவினால் அது அறியாமை அன்று. சொல் கற்பித்ததையே அவர் வினவுகிறார். அவர் பார்க்க வேண்டிய இடம் வயலன்று, விடுதிக் குளியலறை.

இதற்கு நேர்மாறானது மதுரையின்மேல் ஏற்றப்பட்ட பழி. பாதம் வீங்கிப் புழையோடி, மணிமணியாய்க் கசியும் நோயொன்றை 1842இல் மதுரையில் ஜான் கில் என்னும் மருத்துவர் அறிவித்தார். அது 'மதுரைப் பாதம்' ஆயிற்று. 1860இல் வான்டைக் கார்ட்டர் அதனைப் பூஞ்சை நோயென விளக்கி, மைசிட்டோமா என்று பெயரிட்டார். பூஞ்சையேயன்றிச் சிலவகை பாக்டீரியாவும் அதனை விளைப்பதுண்டு. அவை மண்ணில் வாழ்ந்து, வெறுங்காலில் தைக்கும் முள்ளோடு உட்புகுவன. சூடானிலும் மெக்சிகோவிலும் அந்நோய் உண்டு. மதுரைக்குத் தனியுரிமை இல்லை! புதிய நோய்களுக்கு இடப்பெயர் சூட்டலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் நெறி வகுத்தது 2015இல்தான். மண்ணில் வாழ்வதற்கு ஊர்ப்பெயரும், மனிதர்மேல் வாழ்வதற்கு மண்ணின் பெயரும் வாய்த்த விந்தை இது.

இவற்றோடு ஒப்பிடப் படர்தாமரை நல்ல பெயர். படரும் வடிவைச் சொல்லி அமைகிறது. காரணம் கூறப் புகுந்து தவறவில்லை. ஆங்கிலத்தாரோ அதனைப் புழு என்றனர். தேமல் என்பதில் மட்டும் தமிழாசிரியர்க்கு ஓர் இடர் உண்டு. இலக்கியத்தில் அழகெனப் போற்றப்படும் சுணங்கிற்கு உரையாசிரியர் தேமல் எனப் பொருள் எழுதினர். இன்று தேமல் எனப்படும் நோயை விளைப்பது, பெரும்பாலோர் தோலில் தீங்கின்றிக் குடியிருக்கும் மலசீசியா என்னும் பூஞ்சை. வேறுபாட்டை விளக்காவிடின், மாணவன் தலைவிக்குக் களிம்பு தேடுவான்.

சேற்றுப்புண் என்ற சொல்லை வழக்கினின்று நீக்க வேண்டுவதில்லை, நீக்கவும் இயலாது. நலவாழ்வுப் பாடங்களிலேனும் 'விரலிடுக்குப் பூஞ்சை' என்று முதலில் எழுதி, பழஞ்சொல்லை அதன் பக்கத்தில் அடைப்புக்குள் தரலாம்.