கடல் மட்டுமா கொண்டுபோனது?

தனுஷ்கோடியைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளும் ஞாபகக் குறிப்புகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இடிந்த தேவாலயம், கூரையிழந்த புகையிரத நிலையம், 1964 டிசெம்பர் 22 இரவு அலைகளுக்குள் போன 653ஆம் இலக்க வண்டி. கைகாட்டி இறங்காததால் காத்துநின்ற சாரதி, கடைசியில் ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படும் கதை. பிறகு ஒரு பெருமூச்சு. அத்துடன் கட்டுரை முடிந்துவிடும்.

இவ்வெழுத்துக்களில் பாம்பன் சந்தி வருவதில்லை. 1914இல் பாலம் திறந்தபின், தீவுக்குள் நுழைந்த பாதை அங்கேதான் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரத்துக்கு, மற்றது தனுஷ்கோடிக்கு. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதம் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார். மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரும் இவ்வழியே கடந்தனர். புயலோடு ஒரு கிளை அறுந்தது. சந்தி, சந்தியாக இல்லாமற் போயிற்று.

இங்கேதான் எமது முறைப்பாடு. அதே புயல் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. ஈ. சிறீதரன் பொறுப்பேற்று அதை 46 நாட்களில் சீர்செய்தார். தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் போடப்படவில்லை. ஊர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. அந்த மணல்முனையில் தண்டவாளம் போடாததற்கு நியாயம் இருக்கலாம். ஆயினும் அது மனிதர் எடுத்த முடிவு. அதையும் அலையின் கணக்கில் எழுதிவிட்டால், கேள்வி கேட்க ஆளில்லாமற் போகிறது.

புயலுக்கு ஏழெட்டு வாரங்களுக்கு முன், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் அவர்களில் பலர் தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்டு இராமேசுவரத்தில் இறக்கப்பட்டனர். 1980களில் அக்கப்பலும் நின்றது. போரினால் 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டு வந்தபோது, எதிர்க்கரைக்குக் கப்பல் இருக்கவில்லை. இவற்றில் எதையும் புயல் செய்யவில்லை.

புகையிரதமே இல்லாத குவைத்தில், மங்காஃபில் இருந்து இவற்றை வாசிக்கிறோம். எவர் எங்கே போகலாம், எப்போது திரும்பலாம் என்பதை ஒரு முத்திரையும் கையொப்பமும் தீர்மானிப்பது எமக்கு அன்றாட அனுபவம். ஆகவே இடிபாடுகளின் அழகு எமக்குப் போதாது. மண்டபம் முகாமில் காத்திருந்தவர்களின், திருப்பியனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். தனுஷ்கோடியைப் பற்றிய அடுத்த கட்டுரையை அவர்கள் எழுதட்டும்.