மூன்று கோட்டுக்குள் ஒரு மனு

பொருள்: ராதாபுரம் கால்வாய் – கடைமடைக் குளத்துக்குத் தண்ணீர் வராதது – திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

எங்கள் பக்கத்து விவசாயிகள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் மனுக்களில் இந்த மாதிரி வரியைப் பார்க்கலாம். நல்ல கை எழுதியது என்றால் இதைவிட ஒரு சொல் கூடாது, குறையாது. முதல் துண்டு இடம். இரண்டாவது குறை. மூன்றாவது கேட்பது. நடுவில் சின்னச் சின்னக் கோடுகள். வரி முழுக்க ஒரு வினைமுற்றுகூடக் கிடையாது. வாக்கியமாக முடியாமலே முழு விஷயத்தையும் சொல்லிவிடுகிறது.

தபாலை வாங்குகிறவர் இதைப் படித்துத்தான் மனு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறார். அ3 என்றோ ஆ1 என்றோ ஓர் எழுத்தும் எண்ணும் அதன்மேல் ஏறும். பிறகு அந்தக் குறி கோப்பின் ந.க. எண்ணுக்குள் புகுந்து கடைசிவரை கூடவே வரும். மறுமுறை போகிறவர் ஒவ்வொரு மேசையாக நின்று, "அண்ணாச்சி, நம்ம மனு என்னாச்சு?" என்று கேட்க வேண்டாம். "அ3 யாரு?" போதும்.

மேலே இருக்கும் 'பெறுநர்' இன்னும் நுட்பமானது. தாமிரபரணி ஓடும் திருநெல்வேலி மாவட்டம் என்றாலும் ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் குமரி மாவட்டத்துக் கோதையாறு பாசன அமைப்பிலிருந்து வருகிறது. குளம் இங்கே, மதகு அங்கே. இங்குள்ள வட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ என்று எழுதி நிறுத்திவிட்டால் மனு பாதிவழிதான் போகும். விவரம் தெரிந்தவர் அடியில் 'நகல்' என்று போட்டு, நாகர்கோவிலில் இருக்கும் கோதையாறு வடிநிலக் கோட்டச் செயற்பொறியாளரையும் சேர்த்துக்கொள்வார். அந்த ஒற்றை நகல் வரியில் தண்ணீர் வரும் பாதை முழுக்கத் தெரிகிறது. கண்ணுக்கு அழகாக எழுதிய எத்தனையோ மனுக்களில் நான் காணாத அழகு இது.

அடுத்தது 'பார்வை'. 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபிறகு அலுவலகத் தமிழில் நிலைத்த சொற்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். 'ரெபரன்ஸ்' என்பதற்கு மேற்கோள் என்று வைத்திருக்கலாம், குறிப்பு என்று வைத்திருக்கலாம். பார்வை என்று வைத்தவருக்குக் கோப்பைப் புரட்டும் கண் தெரிந்திருக்கிறது. பழைய கடிதங்களை எண்ணும் நாளும் போட்டு அங்கே அடுக்கிவிட்டால், உள்ளே 'பார்வை 2-ல் கண்ட கடிதத்தில்' என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஒரு பத்தி மிச்சம். 'இத்துடன் இணைத்து அனுப்பலாகிறது' என்பதும் நல்ல நடை. கடிதம் தானாக நடந்து போகிற மாதிரி இருக்கும். 'நடவடிக்கை எடுக்கப்படும்' மட்டும் எனக்கு உவப்பில்லை. எடுப்பவர் யார் என்று அதில் எங்கே தேடுவது?

பழைய கடைக் கடிதங்களுக்கு வேறொரு நயம். நலம் விசாரிப்பு முடிந்து சரக்கு விஷயம் தொடங்கும் இடத்தில் 'நிற்க' என்று ஒரே ஒரு சொல். அதற்கு முன் உறவு, அதற்குப் பின் கணக்கு. மேற்படிக்கு ௸, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶ என்று தனிக் குறியே இருந்தது. தொகை எழுதும்போது 'ரூபாய் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும்' என்று முடிக்கிறோமே, அந்த 'மட்டும்' ஒரு பூட்டு. அதன்பின் யாரும் அங்கே ஒரு சொல்லைக்கூடச் செருக முடியாது.

தாளின் அடியில் விழும் ஒப்பத்துக்கு எவ்வளவு கனம் என்று ராதாபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 203 தபால் வாக்குகளைச் செல்லாதவை என்று ஒதுக்கியிருந்தார்கள். அவற்றின் உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டிருந்தவர்கள் தலைமை ஆசிரியர்கள், அந்த ஒப்பம் செல்லுமா என்பதே வழக்கு. 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை எண்ணச் சொன்னது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு தொகுதியே ஒரு கையொப்பத்தின்மேல் மூன்று வருடத்துக்கு மேல் நின்றது.

ஜூன் 30-ல் வருவாய்த்துறையின் பசலி ஆண்டு முடியும். அதையொட்டி, மனுக்களை வாங்கும் ஜமாபந்தி வரும். மனு எழுதப் போகிறவர்கள் தேதியைப் போட்டுவிட்டுப் பொருள் வரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூன்று கோட்டுக்குள் அடங்கவில்லை என்றால் அது இரண்டு மனு. இரண்டாகவே எழுதுங்கள்.