யெர்மாவும் பொன்னாவும்

குழந்தையில்லாத பெண்ணைப் பற்றி எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் அவளை எழுதுவதில்லை. அவளைப் பேசுகிற வாய்களை எழுதுகிறார்கள். மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, வளைகாப்பு வீட்டில் முகம் சுளிக்கும் கிழவி. வசை நின்றுவிட்டால் துக்கமும் நின்றுவிடும் என்கிற மாதிரி. வசை நிஜம், மறுக்கவில்லை. ஆனால் யாரும் எதுவும் சொல்லாத ஒரு பிற்பகலில் அவளுக்குள் என்ன நிகழ்கிறது? லோர்க்காவின் ‘யெர்மா’வை மறுபடி படித்தபோது இந்தக் கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்தது.

1934 டிசம்பர் 29இல் மாட்ரிட்டில் முதலில் மேடையேறிய நாடகம். மூன்று அங்கங்கள், சம்பவங்கள் என்று அதிகமில்லை. தரிசைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து லோர்க்கா உண்டாக்கிக்கொண்ட பெயர் யெர்மா. (நம் கொங்கு வழக்கிலும் ‘வறடி’ என்ற சொல்லுக்குள் வறண்ட நிலம் கிடக்கிறது.) குறை யாரிடம் என்று நாடகம் தீர்ப்புச் சொல்வதில்லை. காலம் போகிறது, அவ்வளவுதான். முதல் அங்கத்தில், கர்ப்பமான சிநேகிதிக்காகக் குழந்தைத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்கும் விக்டர் அவளுக்கே குழந்தை வரப்போவதாக நினைத்து மகிழ்ந்துபோகிறான். கொடுமை எதுவும் இல்லாத கொடுமை இது. அன்பான ஒரு தவறுதலைவிட எந்த வசையும் ஆழமாகக் குத்தியிராது.

இரண்டாம் அங்கத்தில் வருவது இன்னும் பயங்கரம். இரவில் மாடுகளுக்குத் தீனி வைக்க அவளே இறங்கிப் போகிறாள். பெண்கள் செய்யாத வேலை. இருட்டுக் கொட்டகையில் தன் காலடியோசை ஆணின் காலடியாகக் கேட்பதாகச் சொல்கிறாள். தானே தன் பிள்ளை என்று நம்பிவிடுவேனோ என்று வேறு பயப்படுகிறாள். இதைச் சோகம் என்று சொன்னால் போதாது. தன் உடம்பு தனக்கு அந்நியமாகிப் போகிற ஸ்திதி இது. குழந்தைப்பேறில்லாத பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோயாளிகளுடையவற்றுக்கு நிகராக இருந்ததை 1993இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. அளவு சரியாகவே இருக்கட்டும். அந்தக் காலடியோசை எந்த வினாப்பட்டியலுக்கும் கேட்காது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) இந்த இடத்துக்கு மிக அருகில் வந்த தமிழ் நாவல். திருச்செங்கோட்டு மலையில் பொன்னா வறடிக்கல்லைச் சுற்றும் பகுதியைச் சொல்வேன். ஒரு பக்கம் கல், மறுபக்கம் அதலபாதாளம். அங்கே அவளை ஏச யாருமில்லை. உயிரைப் பணயம் வைக்கும் அந்தச் சில நிமிஷங்களில் அவளுடைய பன்னிரண்டு வருஷத் தாம்பத்தியமும் திரண்டு நிற்கிறது.

இரண்டு படைப்புகளிலும் பிள்ளைவரம் கேட்டுப் போகிற திருவிழா வருகிறது. யெர்மாவிடம் ஒரு கிழவி தன் மகனோடு போகச் சொல்கிறாள், அவள் மறுக்கிறாள். கடைசியில், பிள்ளை இல்லாமலே திருப்தியாக இருப்பதாகச் சொல்லும் கணவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறாள்; தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாகக் கதறுகிறாள். பொன்னா, கணவன் சம்மதித்துவிட்டான் என்று நம்பவைக்கப்பட்டுப் போகிறாள். கூட்டத்தில் தன் கடவுள் எந்த முகத்தோடு வருவார் என்று அவள் தேடும் பக்கங்கள் அபாரமானவை. ஆனால் நாவல் அங்கே அவளை விட்டுவிட்டு, வஞ்சிக்கப்பட்டதாகக் குமுறும் காளியிடம் போய் முடிகிறது. அவள் அனுபவத்தின் விளைவு அவன் துக்கமாக மாற்றப்படுகிறது. என் மனத்தாங்கல் இதுதான். லோர்க்கா கடைசி நொடிவரை யெர்மாவின் மண்டைக்குள்ளிருந்து வெளியேறவில்லை.

2014 டிசம்பரில் நாவலை எரித்தவர்கள் பேசியது ஊர் மானம் பற்றி. 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன் மரணத்தைத் தானே அறிவித்தார். நாம் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசினோம். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தின் பக்கம் நின்றது. நல்லது. ஆனால் இந்த அமளியில் நானறிய எந்தத் தரப்பும் பொன்னாவின் மனசைப் பற்றி நாலு வாக்கியம் உருப்படியாகப் பேசவில்லை. அவள் இரு சாராருக்கும் ஒரு வழக்கின் சாட்சிப் பொருள்.

தொடர்ச்சிகளில் ஒன்றான ‘ஆலவாயன்’ (2014) அவளிடம் திரும்புகிறது. காளி இறந்துவிட்டான், அவள் கர்ப்பிணி. விதவைத் துக்கம் நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வயிற்றில் பிள்ளை வந்ததும் வறடிக்கல்லைச் சுற்றிய அந்தப் பெண் கதையிலிருந்து நழுவிவிடுகிறாள். அவளுக்கு வயிறு நிறையாமலே போயிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்ற நாவல் இன்னும் எழுதப்படவில்லை.