ஒன்றும் எடுக்காத மரம்

மலேசியத் தமிழ்க் கதைகளில் யாராவது சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா என்று சில மாதங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பெரட்டுக்கு நிற்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், மங்கு துடைக்கிறார்கள், கள்ளுக்கடையில் சண்டை போடுகிறார்கள், லயத்தைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக்குப் போய் அங்கேயும் கஷ்டப்படுகிறார்கள். மரம் என்று வந்தால் அது ரப்பர், அல்லது செம்பனை. ஒரு மரத்தடியில் பாய் விரித்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பம் நான் வாசித்த வரைக்கும் அகப்படவில்லை. பூங்கா வந்தாலும் இரண்டு பக்கம்தான். காதலர்கள் வருவார்கள், பெஞ்சில் உட்காருவார்கள், பிரிவார்கள்.

இன்னொரு பக்கம் ஞாயிறு பதிப்புப் பயணக் கட்டுரை இருக்கிறது. தைப்பிங் ஏரிப் பூங்கா என்றாலே அதில் இயற்கை எழில் கொஞ்சிவிடும், மனம் லேசாகிவிடும், வாய்ப்பு கிடைத்தால் குடும்பத்தோடு போய் வரவேண்டியதாகிவிடும். கதை எழுதுகிறவருக்கு நிலம் என்றால் துன்பம். கட்டுரை எழுதுகிறவருக்கு நிலம் என்றால் போட்டோ. இரண்டு பேருமே அந்த இடத்தை வாசிக்கவில்லை என்பதுதான் என் குறை.

போன பள்ளி விடுமுறையில் பாட்டி, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகளோடு பத்து காஜாவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் தைப்பிங் போனேன். கோலகங்சாரைத் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் சுரங்கப்பாதை வரும், 3 கிலோமீட்டருக்கு மேல். சின்னவன் அதற்குத்தான் டிக்கெட் எடுத்த மாதிரி இருந்தான். பூங்காவில் அவனுக்குக் கால் மிதிக்கிற படகு, பெரியவளுக்கு மிருகக்காட்சிசாலை, அக்காவுக்கு ஏரியைச் சுற்றி நடை, பாட்டிக்கு நிழல். எல்லா வயதுக்கும் அங்கே ஏதாவது ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் இப்படி எழுதினால் நம்பமாட்டேன். ஆனால் காலை ஒன்பது மணிக்கு தாய்ச்சி செய்யும் சீனக் கிழவர்களையும், பக்கத்திலேயே பந்து உதைக்கும் மலாய்ப் பையன்களையும் பார்த்தபோது நம்பவேண்டியதாகிவிட்டது.

நான் படித்தது பொறியியல். அதனால் ஏரியைப் பார்த்ததும் முதலில் மனசில் வந்தது அழகு இல்லை, பள்ளம். இது ஓர் ஈயலம்பம். 64 ஹெக்டர் பரப்பில் பத்து ஏரியும் குளமும் என்றால், அத்தனையும் மண்ணைத் தோண்டி ஈயத்தை எடுத்துவிட்டுப் போட்டுப்போன குழிகள். லாருட்டில் கீ ஹின், ஹாய் சான் கூட்டங்கள் வெட்டிக்கொண்டு செத்ததும் இந்த மாதிரிக் குழிகளுக்காகத்தான். சண்டை ஓய்ந்த பிறகு ஊருக்கு வைத்த பெயர் தைப்பிங், பேரமைதி. தீபகற்பத்திலேயே அதிக மழை வாங்குகிற ஊர் இது. மலையடிவாரத்தில் அவ்வளவு மழைக்கும் நடுவே, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் பத்துக் குளங்கள் கண்ணுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. வெள்ளத்தைப் பிடித்து வைக்கிற இடமும் அதுதான்.

பூங்கா 1880இல் தொடங்கியது என்கிறார்கள். யோசனை கர்னல் வாக்கர் என்ற பிரிட்டிஷ் அதிகாரியுடையது, நிலம் சுங் தாய் பின் என்ற சீனத் தனவந்தர் கொடுத்தது என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. சுங் தாய் பின் பிறந்தது 1879. ஒரு வயசுப் பிள்ளை சுரங்கத்தைத் தானம் செய்திருக்கிறது! அவருடைய அப்பா, ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீ கொடுத்திருக்கலாம், அல்லது மகன் பிற்காலத்தில் ஏதாவது ஒரு பகுதியைக் கொடுத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு கழித்தல் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் ஆளுக்கு ஆள் காப்பி அடித்து வந்திருக்கிறோம், தமிழில் எழுதியவர்களும் சேர்த்து. கொடை கொடுத்தவர் பெயரில் இவ்வளவு குழப்பம் என்றால், புல் வெட்டியவர் பெயரை எங்கே போய்த் தேடுவது? தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போன 1885ஆம் ஆண்டு ரயில் பாதையை இலங்கையிலிருந்து வந்த முன்னோடிப் படையினர் போட்டார்கள் என்பதாவது பதிவில் இருக்கிறது. பூங்காவுக்கு அந்த ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

பூங்காவை ஒட்டியே போர்க் கல்லறை. 850க்கும் மேற்பட்ட வீரர்கள், கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், இந்திய முஸ்லிம், கூர்க்கா வீரர்கள் சாலைக்கு மறு பக்கம். அங்கே இந்தியப் பெயர்களைக் கல்லில் படிக்கலாம். துப்பாக்கி தூக்கினால் பெயர் கிடைக்கும் போல. அதே போரில் சயாம் ரயில்பாதைக்குப் போய்ச் செத்த தோட்டத்து ஆட்களுக்கு அப்படி வரிசை வரிசையாகக் கல் கிடையாது. அ. ரெங்கசாமி தன் நாவலுக்கு ‘நினைவுச்சின்னம்’ என்று பெயர் வைத்ததன் காரம் அந்தக் கல்லறைக்குள் நின்றபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இனி மரங்களுக்கு வருகிறேன். 1884இல் ஏரிக்கரையில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள். திறந்த தண்ணீர்ப் பக்கம்தான் வெளிச்சம் என்பதால் சாலையைக் குறுக்கே தாண்டிப் போய், கிளை நுனி ஏரியைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து கிடக்கின்றன. எல்லா போட்டோவிலும் இதுதான் இருக்கும். போட்டோவில் இல்லாத ஒன்று சொல்கிறேன். இந்த மரத்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. ரப்பருக்கும் அதே கண்டம்தான். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதே ஊரைத் தாண்டித்தான் எங்கள் ரயில் வந்தது. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே ஆட்சி, இரண்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டது. ஒன்று துரைமார் சாயங்காலம் நடப்பதற்கு நிழல். இன்னொன்றுக்காக நம்மைக் கப்பலில் ஏற்றினார்கள்.

பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏன்யா, இம்மாம் பெரிய மரத்த வச்சிக்கிட்டு, இதுலேர்ந்து ஒண்ணுமே எடுக்கமாட்டானுங்களா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் எடுக்கமாட்டாங்க பாட்டி. நிழலுக்கு மட்டுந்தான்.”

“அட!” என்றார். அதில் ஆச்சரியம் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்று நினைக்கிறேன். மரத்தின் மீது பொறாமை. நான் படித்த எந்தத் தோட்ட நாவலிலும் இந்த “அட” இல்லை. அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ கித்தாக் காட்டை வெளியிலிருந்து வந்து பரிவோடு பார்த்த நாவல், அதில் இதை எதிர்பார்க்க முடியாது. இங்கேயே பிறந்து எழுதுகிறவர்களிடம் எதிர்பார்க்கலாம். வலியை எழுதுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வலிக்கிற நேரத்தில் மட்டும்தான் நம்மைக் கதாபாத்திரமாக்குவோம் என்று ஒரு பழக்கம் விழுந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

இலக்கிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அது காலனிய பூங்காடா, வெள்ளைக்காரன் பொழுதுபோக்க கட்டுனது, அதப்போய்…” என்றார். கட்டியது அவர்களுக்காகத்தான், சரி. 1937 வரைக்கும் பேராக்கின் தலைநகர் தைப்பிங்தான். அதிகாரிகள் குடியிருந்த ஊரில் இருந்த குழி பூங்கா ஆனது. ஆனால் கட்டினவன் போய்விட்டான். இன்றைக்கு அங்கே பாய் விரித்திருப்பது நாம். யார் கட்டியது என்று கேட்டு முடிப்பதற்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை நண்பர் தொலைத்துவிடுகிறார். எங்கள் பக்கத்து கெல்லிஸ் காசலையும் இப்படித்தான் பாதி வாசிக்கிறோம். கெல்லி ஸ்மித் கதை எல்லாருக்கும் தெரியும். பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், சாமி சிலைகளுக்கு நடுவே துரையை நிறுத்திய தொழிலாளிகளின் மனசு என்ன என்று கேட்கிறவர்கள் குறைவு. பக்தியா, நன்றியா, கிண்டலா?

தைப்பிங் 2019இல் பெர்லினில் நிலைத்த நகரங்களுக்கான விருதில் மூன்றாவது இடம் வாங்கியது. சந்தோஷம்தான். ஆனால் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் இதைவிட அதிகம், குழிகளும் அதிகம். பத்து காஜாவைச் சுற்றி மட்டும் எத்தனை குட்டைகள்! ஒரு பகுதி கிந்தா இயற்கைப் பூங்கா என்று கொக்குகளுக்கும் நாரைகளுக்கும் போயிருக்கிறது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக்கப்பல் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் மீன் வளர்ப்பு, மணல், வாத்து, அல்லது சும்மா தண்ணீர்.

எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிஷத்தில் அப்படி ஒரு குட்டை. கரையில் ஆபத்து என்று ஒரு துருப்பிடித்த பலகை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் பையன்கள் நாலைந்து பேர் அதே பலகையில் சட்டையைத் தொங்கப்போட்டுவிட்டுத் தூண்டில் போடுவார்கள், ஒருவன் போனில் ராஜா பாட்டு வைத்திருப்பான். மீன் பெரும்பாலும் மாட்டாது. இருட்டும் வரைக்கும் யாரும் எழுந்து போகவும் மாட்டார்கள்.