பேணுதலும் வெளியிடுதலும்: ஜியோசிற்றீஸ் பிரதி பற்றிய ஒரு நோக்கு

இணையத்தளங்களை முழுமையாகப் பிரதிசெய்து பேணுவோர் தம்மை ஆவணக் காப்பாளர் என்பர். பதிப்புரிமை பேசுவோர் அவர்களைத் திருடர் என்பர். இரு சாராரும் வேறுபட்ட இரு செயல்களை ஒன்றெனக் கொள்கின்றனர். பிரதிசெய்தல் ஒன்று, அப்பிரதியை யாவர்க்கும் திறந்துவைத்தல் பிறிதொன்று.

சாதாரண மக்கள் இலவசமாகத் தம் பக்கங்களை அமைப்பதற்கு இடமளித்த ஜியோசிற்றீஸை 1999இல் யாகூ நிறுவனம் வாங்கியது. 2009 ஒக்டோபரில் அதன் அமெரிக்கச் சேவையை மூடிற்று. மூடுமுன் ஆர்க்கைவ் ரீம் என்னும் தன்னார்வக் குழுவினர், எழுதியோரின் அனுமதியைப் பெறாமலே, இயன்றளவு பக்கங்களைப் பிரதிசெய்தனர். 2010இல் அத்தொகுதியை எவரும் பெற்றுக்கொள்ளுமாறு பொதுவில் விட்டனர்.

முதற்செயலை நியாயப்படுத்துதல் கடினமன்று. எழுதியோருட் பலர் முகவரி மாறியிருப்பர், சிலர் இறந்திருப்பர். ஒவ்வொருவரின் இசைவையும் பெற்ற பின்னரே பிரதிசெய்யலாம் என்பது, பிரதிசெய்யவே கூடாது என்பதற்கு ஒப்பாகும். மேலும், அப்பக்கங்களின் அழிவைத் தீர்மானித்தது எழுதியோரல்லர், கம்பனியே.

இரண்டாவது செயலை அவ்வாறு ஏற்க இயலாது. பதினாறு வயதில் ஒருவர் தம் நண்பர்க்கென எழுதிய குறிப்பை முழுத்தொகுதியோடும் என்றென்றைக்கும் உலவவிட்டால், அதனை மீளப்பெறும் வழி அவருக்கு இல்லை. அன்று பகிரங்கமாகத்தானே வைத்தார் என்பர். திண்ணையிற் பேசியதும் பகிரங்கமே. அதனை அச்சேற்றுவது வேறு.

பிரித்தானியச் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பிரித்தானிய நூலகம் முதலானவை அந்நாட்டுத் தளங்களை அனுமதியின்றிப் பிரதிசெய்யலாம். உரிமையாளர் இசைந்தாலன்றி, வாசகர் அந்நூலகங்களுக்குள்ளேதான் அவற்றைப் பார்வையிடலாம். தொலைவிலுள்ள ஆய்வாளனுக்கு இது பெருந்தடை. அளவு மீறிய கட்டுப்பாடு என்றே நான் கருதுகின்றேன். ஆயினும் அதன் அடிப்படை சரியானது.

இனி, மறுப்பதற்குரிய உரிமை யாருடையது? இன்ரநெற் ஆர்க்கைவ் நெடுங்காலம், ஒரு தளம் தன் தடைக்கோப்பில் மறுத்தால் அதன் பழைய பிரதிகளையும் மறைத்து வந்தது. தளப்பெயர் காலாவதியாகிப் பிறரொருவர் அதனை வாங்கித் தடைவிதித்தால், முன்னவர் எழுதியவையும் மறைந்தன. வீட்டை வாங்கியவன் முன்பு குடியிருந்தவனின் கடிதங்களுக்கும் சொந்தம் கொண்டாடுவது போன்ற நிலை இது. 2017இல் அந்நிறுவனம் இவ்வழக்கத்தைத் தளர்த்த முற்பட்டமை வரவேற்கத்தக்கது. தளப்பெயரின் இன்றைய உடைமையாளனுக்கன்றி, எழுதியவனுக்கே அவ்வுரிமை உரியது.