தெருவுக்கு வராத தேர்

கொடி ஏறுகிறது, கொட்டு முழங்குகிறது. ஒன்பது நாள் நவநாள். பத்தாம் நாள் பெருவிழா. வண்ண விளக்குகளின் நடுவே மிதந்து வருகிறது மாதாவின் தேர். உப்பும் மிளகும் தூவிப் பணிகின்றனர் மக்கள். அசனச் சோற்றின் மணம் ஊரையே அழைக்கிறது. தென்னாட்டுக் கத்தோலிக்கச் சிற்றூர்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. கவினுறு காட்சிதான், மறுப்பாரில்லை. ஆண்டெல்லாம் சேற்றிலும் செங்கற்சூளையிலும் உழைத்து ஓய்ந்தவனுக்கு ஓர் இரவேனும் ஒளி கிடைக்கிறதென்றால், அதைக் கண்டு முகஞ்சுளிக்கும் கல்மனம் நமக்கில்லை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தேர் எந்தத் தெருக்களின் வழியே செல்கிறது? எந்தத் தெருமுனை வந்ததும் திரும்பிவிடுகிறது?

விடை தேடிப் புறப்படுவோர் வேதநூல் விளக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை. 1992-இல் பாமா எழுதி வெளியிட்ட ‘கருக்கு’ என்னும் சிறு நூலை எடுத்துப் படித்தால் போதும். பனைமட்டையின் இருபுறமும் ரம்பம்போல் நிற்குமே கூர்முனை, அதுவே கருக்கு. பெயருக்கேற்ற நூல். கையில் எடுப்போரைக் கீறாமல் விடுவதில்லை.

நூலின் தொடக்கத்திலேயே தம் ஊரை வரைந்து காட்டுகிறார் பாமா. அஞ்சல் நிலையம், பஞ்சாயத்து அலுவலகம், பால் பண்ணை, பெரிய கடைகள், பள்ளிக்கூடம், மாதா கோயில் ஆகிய அனைத்தும் மேல்சாதியார் தெருக்களில்! ஒரு சொல் வசையில்லை; ஒரு வரி ஒப்பாரியில்லை. இடத்தைச் சொன்னார், இழிவு தானே தெரிகிறது. கோயில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் தேரும் புறப்படும். எவர் தெருவில் புறப்படுகிறதோ அவரே அதற்கு வழியும் வகுப்பார். வரைபடமே வழக்கைச் சொல்லிவிடுகிறது. ஆயிரம் மேடை முழக்கம் செய்யாததை இந்த அமைதி செய்கிறது.

பின்னர் வருகிறது மடத்துக் கதை. ஏழை எளியோருக்குத் தொண்டு செய்ய விழைந்து, ஆசிரியப் பணியைத் துறந்து, துறவற மடம் புகுகிறார் அவர். ஒடுக்கப்பட்ட பெண்களைச் சில சபைகள் ஏற்பதில்லை, அவர்களுக்கென்று எங்கோ தனிச்சபை ஒன்று உண்டு என்ற பேச்சு அங்கே அவர் காதில் விழுகிறது. வறுமை வாக்களித்தவர்கள் வசதியோடு வாழ்வதைக் காண்கிறார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதே தொண்டு என்று ஆகிவிட்டதையும் காண்கிறார். பணிவும் பொறுமையும் போதித்தவர்கள், ஏசு நீதிக்காகக் குரல் கொடுத்ததை ஏன் போதிக்கவில்லை என்று கேட்கிறார். ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறுகிறார்.

“இது தனி ஒருத்தியின் தனிக் கசப்பு” என்று தள்ளிவிடலாமா? வரலாறு இடந்தரவில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, சாதிப் பழக்கங்கள் சமுதாய வழக்கமே, சமயத் தடையல்ல என்று கொண்டார். மேல்குலத்தாரை ஈர்க்க விரும்பிய அவர் அன்று திறந்த கதவின் வழியே ஆட்கள் மட்டுமா வந்தனர்? சாதியும் கூடவே வந்து, சம்மணமிட்டு அமர்ந்தது! நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலைப் பாருங்கள். பீடம் ஒன்று, கூடம் இரண்டு. வேளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம். ஒரே பூசை, ஒரே குரு, நடுவே தடுப்பு. கடவுளை வணங்கக் கட்டிடக்கலை கண்ட விந்தை இது! 1910-இல் அத்தடுப்பை அகற்றினார் பங்குத்தந்தை. அகற்றியதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றனர் மேல்சாதியார். பாவமன்னிப்பு வேண்டி மண்டியிட்டவர்கள், பக்கத்தில் மண்டியிடுபவனைப் பொறுக்கமாட்டாமல் நீதிமன்றப் படியேறினர்.

பழங்கதை என்பீரோ? அன்று விழுப்புரம் மாவட்டத்திலும், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய எறையூரில், ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9-இல் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். மாண்டவர் இருவரும் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கரே. தன்னைக் காக்க வந்தவனையும் சாதி காவு கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திருச்சபை இதை அறியாததன்று. 2003-இல் தமிழகத்து ஆயர்களிடம் பேசிய போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவையே, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புதலை வரவேற்கிறோம். ஆனால் அறிக்கை அச்சேறுவது எளிது. தேர் அடுத்த தெருவுக்குள் ஏறுவதன்றோ அரிது!

நூலின் நடையைப் பற்றி ஒரு சொல். சேரியின் பேச்சுமொழியிலேயே முழுநூலையும் எழுதியிருக்கிறார் பாமா. இலக்கணம் கெட்டதென்று முணுமுணுப்போர் உண்டு. நாமும் அடுக்குமொழிக்கும் அணிநடைக்கும் ஆட்பட்டவர்கள்தாம். ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். நம் நடையில் இந்நூல் எழுதப்பட்டிருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் செத்திருக்கும். ஒடுக்கப்பட்டோருக்காக மேடையில் நாம் பேசினோம். இங்கே ஒடுக்கப்பட்டவரே பேசுகிறார். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, ஒதுங்கி நின்று கேட்கக் கற்பது நம் கடமை.

குறையே இல்லையா? உண்டு. சொன்னதையே மீண்டும் சொல்லும் இடங்கள் உள. மடத்தை விட்டு வெளிவந்த தனியொருத்தியின் தவிப்போடு நூல் முடிகிறது. அவரைப் போன்றோர் ஒன்றுகூடிச் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கு விரிவான விடை இல்லை. ஆனால் காயத்தைக் காட்டியவரிடமே மருந்துச்சீட்டையும் கேட்பது முறையாகுமா?

பகுத்தறிவாளர் சிலர் இந்நூலைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, மதம் மாறியும் பயனில்லை” என்று கைகொட்டிச் சிரிக்கக்கூடும். தோழர்களே, சிரிக்காதீர்! பாமா ஏசுவை உதறவில்லை; ஏசுவின் பெயரால் நடக்கும் ஏமாற்றை உதறுகிறார். நமக்கு நம்பிக்கை இல்லாதிருக்கலாம். அதனால் நம்பிக்கை உள்ளவனின் உரிமை நமக்கு அற்பமாகிவிடுமா? ‘தேரே வேண்டாம்’ என்பது நம் கருத்து. ‘என் தெருவுக்கும் தேர் வரவேண்டும்’ என்பது அவன் கோரிக்கை. முன்னதைப் பேச நமக்கு நாளுண்டு; பின்னது இன்றைக்கே தீரவேண்டிய மானப்பிரச்சினை. அவன் கேட்பது மரத்தேரை மட்டுமன்று. “நீயும் மனிதன்” என்னும் ஒரு சொல்லை.

அடுத்த திருவிழாவன்று உங்கள் வட்டாரத்துக்குச் செல்லுங்கள். சிலையைப் பாராதீர், சக்கரத்தைப் பாருங்கள். அது திரும்பும் முனையில் நின்று, ஏன் திரும்புகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது, நம் ஊர்த் தேரும், நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையும், நம் வீட்டுப் பந்தியும் எந்த முனையில் திரும்புகின்றன என்பதையும் கண் திறந்து பாருங்கள். அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்கத் துணியாதவன் கையில், ‘கருக்கு’ வெறும் பனைமட்டையே!