ஒரே முகம், நாலு சட்டை
மோகன் ராகேஷை மறுபடி வாசிக்கும்போது

‘ஆதே அதூரே’ பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் பத்து நிமிஷத்துக்குள் ‘முழுமையைத் தேடி அலையும் மனிதன்’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இருத்தலியல், அந்நியமாதல், நகர நடுத்தர வர்க்கத்தின் சிதைவு என்று சொற்கள் கைவசம் தயாராக இருந்தன. ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இதையெல்லாம் நான் கொட்டி முடித்ததும், பின்வரிசையிலிருந்த ஒரு பெண், “அதெல்லாம் சரி, பின்னி ஜுனேஜாகிட்ட சொன்னது எங்க போச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பேச்சு எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. சபா தேர்வுகளுக்காகக் கற்ற இந்தியை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி மூலத்தை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

நாடகத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அலுவலகத்திலிருந்து சாவித்திரி கை நிறையச் சாமான்களோடு வீட்டுக்கு வருகிறாள். அறை அலங்கோலமாகக் கிடக்கிறது. கணவன் மகேந்திரநாத் தொழிலில் தோற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவன். மூத்த மகள் பின்னி காதலித்தவனோடு ஓடிப்போய், இப்போது திரும்பி வந்து நிற்கிறாள். மகன் அசோக் வேலையில்லாமல் பத்திரிகைகளிலிருந்து நடிகைகளின் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறான். கடைக்குட்டி கின்னியை யாராலும் அடக்க முடியவில்லை. சாவித்திரியின் மேலதிகாரி சிங்கானியா வருகிறான், போகிறான். பழைய சிநேகிதன் ஜகமோகனோடு வீட்டை விட்டுப் போய்விடுவது என்று சாவித்திரி முடிவெடுக்கிறாள், அவன் நழுவிவிடுகிறான். திரும்பி வருகிறவளை மகேந்திரநாத்தின் நண்பன் ஜுனேஜா எதிர்கொண்டு, அவள் வாழ்க்கையையே எடை போட்டுச் சொல்கிறான்: இவன் இல்லாமல் வேறு எவனைக் கட்டியிருந்தாலும் சில வருஷங்களில் நீ இதே இடத்தில்தான் வந்து நின்றிருப்பாய் என்பது அதன் சாரம். இந்த நான்கு ஆண்களையும், தொடக்கத்தில் வந்து பேசும் கறுப்பு சூட்காரனையும், ஒரே நடிகர்தான் நடிக்க வேண்டும் என்பது ராகேஷின் கட்டளை. 1969இல் தில்லியில் ஓம் சிவ்புரி இதை முதலில் மேடையேற்றியபோதும் அப்படித்தான். அவரே அந்த ஆண்கள், சுதா சிவ்புரி சாவித்திரி.

நம் விமர்சகர்கள் (நான் உட்பட) ஜுனேஜாவின் தீர்ப்பை நாடகத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, ஒரே நடிகர் என்ற உத்தியை அதற்குச் சாட்சியாக நிறுத்தினோம். எந்த ஆணிடம் போனாலும் அதே ஆண்தான், ஆகவே குறை தேடுகிறவளிடம் இருக்கிறது என்று. தர்க்கம் எவ்வளவு வழுக்கலானது பாருங்கள். எல்லா ஆணும் ஒரே அச்சு என்று அதே காட்சியில் சாவித்திரியே சொல்கிறாள். மேடையில் நிற்கும் நடிகனின் உடம்பு அவள் சொல்வதைத்தான் நிரூபிக்கிறதே ஒழிய ஜுனேஜா சொல்வதை அல்ல. சட்டையை மாற்றிக்கொண்டு வந்த குற்றவாளியே நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான். பிரதி ஒன்றைப் பேச, நிகழ்த்துதல் வேறொன்றைப் பேசுகிறது. அச்சில் படிக்கிறவனுக்கு ஜுனேஜாவின் நீளமான வாதம் மட்டும்தான் கண்ணில் படும். நாம் நாடகங்களை இலக்கியமாகவே படித்துப் பழகியவர்கள், அதுதான் வினை.

இப்போது பின்னிக்கு வருகிறேன். சாவித்திரி ஜகமோகனோடு வெளியே போயிருக்கும் நேரத்தில், ஜுனேஜாவிடம் பின்னி இந்த வீட்டில் வளர்ந்தது எப்படி என்று சொல்கிறாள். அப்பா அம்மாவின் துணியைக் கிழித்தது, வாயைக் கட்டி அறைக்குள் அடைத்து அடித்தது, குளியலறைக்கு இழுத்துப் போனது எல்லாம் வருகிறது. நாடகம் முழுக்க நமக்குக் காட்டப்படும் மகேந்திரநாத், பரிதாபப்பட வேண்டிய, முதுகெலும்பில்லாத ஆள். அந்தப் பரிதாபம் இங்கே ஒரேயடியாக உடைகிறது. அதோடு முடிந்துவிடவில்லை. பின்னி இதை யாரிடம் சொல்கிறாள்? ஜுனேஜாவிடம். ஆனால் பார்வையாளருக்கு அது கொஞ்ச நேரத்துக்கு முன்பு மகேந்திரநாத்தாக இருந்த அதே முகம். அப்பா செய்த கொடுமையை மகள் அப்பாவின் முகத்திடமே, அப்பா என்று தெரியாமல், சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. ராகேஷின் ‘மல்பே கா மாலிக்’ கதை. பிரிவினைக்கு ஏழரை வருஷங்கள் கழித்து, ஹாக்கி ஆட்டம் பார்க்க லாகூரிலிருந்து அமிர்தசரஸுக்கு வருகிறவர்களோடு கனி மியான் என்ற கிழவரும் தன் பழைய வீட்டைப் பார்க்க வருகிறார். வீடு இல்லை, இடிபாட்டுக் குவியல்தான் இருக்கிறது. அவருடைய மகன் சிராக்கையும் குடும்பத்தையும் கொன்றவன் ரக்கா பயில்வான். தெருவுக்கே தெரியும், கிழவருக்குத் தெரியாது. தெரியாமல் அவனிடமே போய், நீயெல்லாம் இருந்துமா இப்படி நடந்தது என்று அழுகிறார். அவனைப் பார்த்ததே மகனைப் பார்த்த மாதிரி என்று ஆறுதல் கொள்கிறார். ரக்காவுக்கு வாய் உலர்ந்துபோகிறது. கிழவர் வாழ்த்திவிட்டுப் போய்விடுகிறார். அன்றிரவு, தன் சொத்தாக அவன் பாவித்துவந்த குவியலிலிருந்து ஒரு நாய் அவனைப் பார்த்துக் குரைத்து விரட்டுகிறது. கதாசிரியர் ஒரு வார்த்தை தீர்ப்பாகச் சொல்வதில்லை.

பாதிக்கப்பட்டவர் பாதித்தவனின் முகத்திடமே, ஆள் தெரியாமல், துக்கத்தைச் சொல்வது: ராகேஷின் எழுத்தில் என்னை உலுக்குகிற அமைப்பு இதுதான். 1925இல் அமிர்தசரஸில் மதன் மோகன் குக்லானியாகப் பிறந்து லாகூரில் சமஸ்கிருதம் படித்தவர் அவர். அந்தக் குவியலுக்கு வெளியாள் அல்ல. கமலேஷ்வர், ராஜேந்திர யாதவ் ஆகியோரோடு ‘நயீ கஹானி’யின் மும்மூர்த்தி என்பார்கள். ‘சாரிகா’ ஆசிரியர் வேலை உட்படப் பிடித்த வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர், மூன்று முறை மணம் செய்தவர், 1972இல் ஐம்பதை எட்டாமலே போனவர். இந்த வாழ்க்கையை வைத்து சாவித்திரி யார், மகேந்திரநாத் யார் என்று துப்புத் துலக்குகிற வேலை இந்தியில் நிறைய நடந்திருக்கிறது. எனக்கு அதில் ருசி இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த முகம் கேட்ட பிறகு என்ன செய்கிறது என்பது. ரக்கா ஊமையாகிறான். ஜுனேஜாவோ கேட்டுவிட்டு, சாவித்திரி வந்ததும் வாயைத் திறக்கிறான். மகள் சொன்ன அத்தனையும் காதில் விழுந்த பிறகும் குற்றப்பத்திரிகை அவள் பெயரில்தான். படிப்பும் பண்பும் உள்ள வர்க்கத்துக்கு வாய் உலர்வதில்லை போலும். சாவித்திரி மேடையில் இல்லாததால் மகள் தனக்காகச் சொன்ன சாட்சியம் அவளுக்குத் தெரியாது. நமக்கும் ஜுனேஜாவுக்கும்தான் தெரியும். நாம் அதை மறந்துவிட்டு அவனோடு சேர்ந்து தலையாட்டினோம்.

‘ஆஷாட் கா ஏக் தின்’ (1958) நாடகத்தையும் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மூன்றாம் அங்கத்தில் காளிதாசன் காஷ்மீர ஆட்சியை உதறிவிட்டு மல்லிகாவின் குடிசைக்கு வந்து, தன் துன்பத்தை நீளமாகச் சொல்கிறான். இங்கே பாதித்தவன் பேச, பாதிக்கப்பட்டவள் கேட்கிறாள். முல்லையின் இருத்தலை இதில் பொருத்திப் பார்க்கும் ஆசை தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வரத்தான் செய்யும். மழையும் இருக்கிறது, காத்திருக்கும் பெண்ணும் இருக்கிறாள். பொருந்தாது. முல்லையில் தலைவன் கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவன். இவன் எந்தக் காலமும் குறிக்காமல் போனவன். வந்தும் நிற்பதில்லை, உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்கிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறான். அவன் எழுதுவதற்கென்று அவள் தைத்து வைத்த வெற்றுத்தாள்களில் அவளுடைய கண்ணீர்க் கறையைப் பார்த்து, இதில் ஏற்கெனவே ஒரு காவியம் எழுதியாகிவிட்டது என்கிற மாதிரி வியக்கிறான். நேர்த்தியான இடம், பார்வையாளர் உருகுவார்கள். எனக்கு இப்போது கோபம் வருகிறது. அவளுடைய துக்கத்தைக்கூட இலக்கியமாகத்தான் அவனால் வாசிக்க முடிகிறது.

இது ராகேஷின் கோபமா, அல்லது அவரும் அந்த அழகில் சொக்கிவிட்டாரா? ‘ஆஷாட்’டில் சொக்கியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். சமஸ்கிருதம் கலந்த அந்த மொழிநடையே அவரை இழுத்துப் போய்விடுகிறது. ‘ஆதே அதூரே’யில் மொழி உடைந்து, பாதி வாக்கியங்களாகச் சிதறி, சமையலறைச் சத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடைசி வருஷங்களில் நாடகச் சொல்லைப் பற்றி ஆய்வு செய்ய நேரு நல்கை வாங்கியிருந்தார்; முடிக்கவில்லை.

யாராவது இதை மறுபடி மேடையேற்றுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். பின்னி பேசும் அந்த இரண்டு மூன்று நிமிஷங்கள் விளக்கு அவள் மேல் விழ வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் அந்த முகத்தின் மேல் விழட்டும். நாடகத்தின் முடிவில், மங்கும் வெளிச்சத்தில், மகன் பிடித்துக் கூட்டி வர மகேந்திரநாத்தாக வீட்டுக்குள் வரப்போவதும் அதே முகம்தான்.